காரைப் பார்த்து அடித்த மூன்றாம் மணி

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து பத்து நாள் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவரை முதலில் பார்த்தேன். என் மாடி அறைக்கு நேர் எதிரே தேவாலயம். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்று அப்பா பெருமையோடு என் கையில் கட்டிவிட்ட கடிகாரம் அன்றைக்குப் பார்த்து நின்றுபோயிருந்தது. தெருவில் இறங்கினேன். மணிக்கோபுரத்தில், ஏழு படிக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலில், ஒருவர் கையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். மணி அடிக்கிறவருக்குத் தெரியாத நேரமா என்று, "ஐயா, மணி என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

அவர் கடிகாரம் எதையும் பார்க்கவில்லை. தெருக்கோடியைப் பார்த்தார்.

"எட்டரை இன்னும் வரலை தம்பி" என்றார்.

கோடியில் இருந்த மருந்துக்கடையின் நெற்றியில் ஒரு பெரிய கடிகாரம். அது எட்டு ஐம்பது காட்டியது. கையை நீட்டி அதைக் காட்டினேன்.

"அது மருந்துக்கடை மணி. நம்மளோடது கார்ல வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கோடியைப் பார்க்கத் தொடங்கினார்.

அவரைத் தெருவில் எல்லாரும் மணிக்காரர் என்றுதான் அழைத்தார்கள். அவரும், அவர் மனைவியும், அவர் அன்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த காரின் டிரைவரும் பிற்பாடு சொன்னவற்றைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மணிக்காரருக்குச் சபைப் பதிவேட்டில் 'ஆலயப் பணியாளர்' என்று பெயர். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது, கல்யாணத்துக்குக் கம்பளம் விரிப்பது, அடக்கத்துக்கு அதே கம்பளத்தைச் சுருட்டி ஓரம் வைப்பது, புறாவை விரட்டுவது, புறா மறுபடி வந்தால் பார்க்காத மாதிரி இருப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. வேலையோடு ஒட்டி ஆலயத்தின் பின்புறம் இரண்டு அறை வீடு. முன்னறையில் மனைவியின் தையல் மெஷின். தெருவில் யாருக்கு இடுப்பு பெருத்தாலும் யாருக்குப் பிள்ளை வளர்ந்தாலும் துணியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி. ஆனால் வாய்க்கு ஒரு வலியும் கிடையாது.

இனி, அந்தக் கார். அது மரக்கடைக் குடும்பத்தின் கார். பாலாடை நிறத்தில், ஒரு சின்னக் கப்பலை நிகர்த்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடும்பத்துத் தாத்தா ஆலயத்துக்கு நிலம் கொடுத்தார். கூரைக்கு உத்தரமும் உட்கார பெஞ்சும் தன் மரக்கடையிலிருந்தே கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. பெஞ்சில் ஒரு பித்தளைத் தகடு, பிரசங்க மேடையில் ஒன்று, கதவுக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, குடை வைக்கும் தொட்டிக்கு ஒன்று என்று தாத்தா முதல் பேரனுடைய பேரப்பிள்ளை வரை இருபத்துமூன்று தகடுகள். ஜெபத்தின்போது கண்ணை மூடாதவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் வம்சாவளி மனப்பாடம்.

சனிக்கிழமைதோறும் மணிக்காரர் இருபத்துமூன்றையும் துணி போட்டுத் தேய்ப்பார். மனைவி ஒருநாள் கேட்டார்.

"ஏங்க, ஆண்டவர் பேரு எத்தனை இடத்துல எழுதியிருக்கு?"

"அவருக்கு எதுக்கும்மா பேர்ப்பலகை? அவர் வீடு தானே இது."

"அப்ப குடியிருக்கிறவங்கதான் பலகை மாட்டிக்குவாங்களா? நம்ம கதவுலயும் ஒண்ணு மாட்டுங்க. நாமும் இருபத்தாறு வருஷமா இருக்கோம்."

மணிக்காரர் குடைத்தொட்டியைத் தேய்க்கப் போய்விட்டார்.

முன்வரிசையில் வலப்பக்கப் பெஞ்சு குடும்பத்துடையது. அவர்கள் வராத கல்யாணம், அடக்கத்தின்போதுகூடப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்களே தவிர, அதில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். இப்போதைய தலைவர், தாத்தாவின் பேரன், எழுபத்து நாலு வயசு. எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் பிரசங்கம் முடிந்தது என்று அர்த்தம். முன்பு இருந்த ஒரு போதகர் சபையைப் பரலோகத்தின் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்விட்டு, பெரியவர் கண்ணாடியைக் கழற்றியதும் எல்லாரையும் அங்கேயே நிறுத்திவிட்டு ஆமென் சொன்னாராம். போதகர்கள் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருவர் மாறுவார்கள். மரக்கடைக் குடும்பம் மாறாது.

ஞாயிறன்று மூன்று தடவை மணி அடிப்பது வழக்கம். எட்டு மணிக்கு முதல் மணி. எட்டேகாலுக்கு இரண்டாம் மணி. மூன்றாம் மணி அடித்ததும் போதகர் உள்ளே வருவார், சபை எழுந்து முதல் பாட்டைப் பாடும். அறிவிப்புப் பலகையில் ஆராதனை எட்டரை என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் குடும்பம் எட்டரைக்கு வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த வீட்டில் ஒரே காரில் ஏழு பேர் ஏற வேண்டும். கடைசியாக ஏறுகிறவர்தான் முக்கியமானவர் என்று ஓர் எண்ணம் அங்கே எப்படியோ வேரூன்றிவிட்டது. ஆகையால் ஏழு பேருமே கடைசியாக ஏறப் பார்ப்பார்கள்.

மணிக்காரர் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறு, விவரம் தெரியாமல் எட்டரைக்கே மூன்றாம் மணியை அடித்துவிட்டார். அப்போது இருந்தது பெரியவரின் அப்பா. அரை மணி கழித்து வந்தவர் வாசலில் நின்று, அண்ணாந்து கோபுரத்தை ஒரு பார்வை பார்த்தார்.  அந்தப் பார்வையே மணிக்காரருக்குப் போதும். அடுத்த வாரத்திலிருந்து அவர் தனக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டார். காரின் மூக்கு மருந்துக்கடைத் திருப்பத்தில் தெரிந்ததும் முதல் அடி. இருபத்தோராவது அடிக்கு கார் நின்று, கதவு திறந்து, பெரியவரின் வலது கால் ஆலயப் படியில் படும். மழையோ வெயிலோ, ஓர் அடி கூடாது, குறையாது. காரும் கயிறும் அப்படிப் பழகியிருந்தன. இதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. மறைத்துச் சொல்வானேன், தெருவுக்கே அதில் ஒரு பெருமை உண்டு. எட்டரை ஆராதனை என்றால் ஒன்பது மணி என்பது அங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

குடும்பம் உள்ளே நுழையவும் சபை பாட்டுக்கு எழுந்து நிற்கவும் சரியாக இருக்கும். மூன்று தலைமுறையாக இப்படியே நடந்ததில், சபை எழுவது தங்களுக்காகத்தான் என்று குடும்பம் நம்பியது. நடந்து போகும்போது பெரியவர் இரண்டு பக்கமும் லேசாகத் தலையசைத்து, உட்காரச் சொல்லுவது போல் கையைக் காட்டுவார். யாரும் உட்கார மாட்டார்கள். பாட்டுக்கு இன்னும் நான்கு சரணம் இருக்கும். அந்த மரியாதையில் பெரியவருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும்.

கதை நடந்த வருஷம் மணிக்காரருக்கு அறுபது வயசு முடிந்தது. அறுபதோடு வேலை முடிவு என்பது சபை விதி. கமிட்டி விரும்பினால் மூன்று வருஷம் நீட்டிக்கலாம். நீட்டிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கமிட்டியின் தலைவர் பெரியவர். "நம்ம ஆளு, பார்த்துக்கலாம்" என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். மணிக்காரர் அதை மனைவியிடம் நாலு தடவை சொன்னார். ஐந்தாம் தடவை சொல்ல வந்தபோது, "பார்த்துக்கலாம்னா சொன்னாங்க? பார்த்துக்கிறேன்னு சொன்னாங்களா?" என்று அந்த அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார். 

இந்தச் சமயம் பார்த்து ஒரு புதுப் போதகர் வந்து சேர்ந்தார். இளைஞர். வந்த முதல் வாரமே உடைமாற்றும் அறையில் அங்கி போட்டுக்கொண்டு முப்பது நிமிஷம் காத்திருந்து, செய்தித்தாளில் வாடகைக்கு வீடு விளம்பரம் வரை படித்து முடித்தார். ஆராதனை முடிந்ததும் மணிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, பலகையில எட்டரைன்னு போட்டிருக்கு. அடுத்த வாரத்துல இருந்து எட்டரைக்கு அடிச்சிடுங்க."

"சரிங்கய்யா. பெரியவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"அவர்கிட்ட எதுக்கு? மணி உங்க கையில தானே இருக்கு?"

அடுத்த வாரம் கயிறு சிக்கிக்கொண்டது. அதற்கடுத்த வாரம் புறா. அதற்கும் அடுத்த வாரம் மணிக்காரருக்குத் தோள்பட்டைப் பிடிப்பு. போதகர் ஒவ்வொரு வாரமும் தலையாட்டிக்கொண்டார். பெரியவரிடம் பேச அவருக்குத் துணிச்சல் இல்லை. மணிக்காரரிடம் மட்டும் நிறைய இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறுக்கு நான்கு நாள் முன்னால் காருக்கு என்ஜின் கோளாறு. பட்டறைக்குப் போனது. ஞாயிறு காலை கொண்டுவந்து தருகிறேன் என்று மெக்கானிக் வாக்குக் கொடுத்தான். வீட்டில் ஏழு பேரும் உடுத்திக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தார்கள். மெக்கானிக் என்ஜினைப் பூட்டிவிட்டு, எதற்கும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினான்.

மணிக்காரர் ஜன்னலில் நின்றிருந்தார். இரண்டாம் மணி அடித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. மருந்துக்கடைத் திருப்பத்தில் பாலாடை நிற மூக்கு தெரிந்தது. அவருக்கு நம்ப முடியவில்லை. மேலே கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபத்தொன்பது. கடிகாரம் காட்டுவது ஒன்று, கார் காட்டுவது ஒன்று. இரண்டில் எது பொய் சொல்லும்? இருபத்தாறு வருஷத்தில் கார் ஒருநாளும் அவரை ஏமாற்றியதில்லை. 'இந்தக் கடிகாரம்தான் மெதுவா ஓடுது' என்று முடிவு கட்டிக் கயிற்றை இழுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. பதினைந்தாவது அடிக்குக் கார் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு மெக்கானிக் சீட்டியடித்தபடி தாண்டிப் போனான். பின்சீட்டில் ஒரு ஸ்டெப்னி டயர் மட்டும் குடும்பத் தலைவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

மணிக்காரருக்குத் தப்பு புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தவும் முடியாது. பாதியில் மணி நின்றால் யாரோ செத்துப்போனார்கள் என்று தெருவே கூடிவிடும். மீதி ஆறு அடியையும் தன் தலையிலேயே அடித்துக்கொள்வது போல அடித்து முடித்தார்.

அதன்பின் நடந்தவை அவர் கையில் இல்லை. உடைமாற்றும் அறையில் போதகர் திடுக்கிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை! தன் சொல் கடைசியில் பலித்துவிட்டது என்று புல்லரித்துப்போய், படித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். தெருவிலோ ஒரே அமளி. ஒன்பது மணிக் கணக்கில் இருந்தவர்கள் காலில் வெந்நீர் கொட்டியது போல் ஓடி வந்தார்கள். ஒருவர் பாதி முகத்துக்குச் சவரம் செய்துகொண்டு வந்தார். சவரம் செய்யாத பக்கத்தைச் சுவரோரமாக வைத்து உட்கார்ந்தார். மூச்சிரைக்க வந்தவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார, கடைசியில் மூன்று பிள்ளைகளோடு வந்த குழாய் ரிப்பேர்க்காரருக்கு இடமே இல்லை. இருந்த ஒரே காலி இடம் முன்வரிசை வலப்பக்கம். அவர் போய் உட்கார்ந்தார். மெத்தை வைத்த பெஞ்சு என்பது அவருக்கு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது, குதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மணிக்காரர் படியிறங்கிப் பின்வாசலுக்கு ஓடினார். மனைவி சீப்பும் கையுமாக நின்றிருந்தார்.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரம் அடிச்சிட்டீங்க? நான் இன்னும் தலைகூட வாரலை."

"கார் வந்துச்சும்மா."

"அவங்க?"

"அவங்க வரலை."

அந்த அம்மா தையல் மெஷின் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், எதை முதலில் மூட்டை கட்டுவது என்று யோசிக்கிறவர் மாதிரி.

ஒன்பது ஐந்துக்கு கார் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஏழு பேரும் இருந்தார்கள். மணிக்காரர் வாசலில் கைகட்டி நின்றார். பெரியவர் படியில் வலது காலை வைத்தார். மணி இல்லை. உள்ளே இருந்து ஒரு குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உள்ளே என்னப்பா சத்தம்?"

"பிரசங்கம்ங்க ஐயா."

"யாரு பண்றா?"

"நம்ம போதகர்தாங்க."

"யாருக்கு?"

 சபைக்கு என்று மணிக்காரர் சொல்லியிருக்கலாம். ஆனால் சபை என்பது யார் என்று அந்த நிமிஷத்தில் அவருக்கே குழப்பமாகிவிட்டது.

"மணி யாரைப் பார்த்து அடிச்ச?"

"உங்க காரைப் பார்த்துத்தாங்க ஐயா அடிச்சேன்."

"நாங்க கார்ல இல்லையே!"

"கார் மட்டும் முன்னாடியே வந்துட்டுதுங்க."

பெரியவர் காரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஸ்டியரிங்கைத் துடைக்கத் தொடங்கினான். மூத்த மகன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அப்பாவின் காதில் சொன்னார்: "நம்ம பெஞ்சுல ஆள் இருக்கு. மெத்தையில ஒரு பையன் குதிக்கிறான்."

உள்ளே போகலாம். ஆனால் பிரசங்க நடுவில் போனால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். செருப்புச் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிந்தி வந்தவர்களைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று பெரியவருக்கு நன்றாகத் தெரியும். முன்வரிசையிலிருந்து எத்தனையோ பேரை அவரே அப்படிப் பார்த்திருக்கிறார்.

"வண்டியைத் திருப்பு" என்றார்.

போதகர் பிரசங்கத்தை முடித்து வெளியே வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. மணிக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐயா, நான் எட்டரைக்கு அடிக்கச் சொன்னேன்னு கமிட்டியில சொல்ல வேண்டாம். நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"யார் நல்லதுக்குங்கய்யா?"

"பொதுவா" என்றார் போதகர்.

அடுத்த ஞாயிறு குடும்பம் வேறு ஒரு ஆலயத்துக்குப் போனது. அங்கே நடந்ததை டிரைவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"அண்ணே, வாசல்ல ஒரு பொண்ணு. 'புதுசா வர்றீங்களா?'ன்னு பெரியவரைக் கேட்டுச்சு. ஒரு அட்டையைக் கையில குடுத்து, பேரு, விலாசம் எழுதுங்கன்னுச்சு. 'இதுக்கு முன்னாடி ஆலயம் போற பழக்கம் உண்டா?'ன்னு அதுல ஒரு கேள்வி அண்ணே!"

"ஐயையோ. எழுதினாரா?"

"பேனா இல்லன்னுட்டார். பின்வரிசையில உட்கார வச்சாங்க. நடுவுல, புதுசா வந்தவங்க எல்லாம் எழுந்திரிங்கன்னாங்க. வீட்டு அம்மா எழுந்துட்டாங்க, இவர் எழல. பக்கத்துல இருந்தவர் 'கூச்சப்படாதீங்க'ன்னு கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டார். எல்லாரும் கைதட்டி வரவேற்புப் பாட்டு பாடினாங்க. நீங்க பார்த்திருக்கணுமேன்னு உங்களைத்தான் நெனச்சேன்."

மணிக்காரர் சிரிக்கவில்லை. பெரியவரை யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. அந்த நிலைமைக்குத் தானல்லவா காரணம் என்று இரண்டு நாள் புழுங்கினார். மனைவி பார்த்தார். "வீடு போகப்போகுது, இவர் மரக்கடை வீட்டுக்காரருக்காக அழறார்" என்று தையல் மெஷினிடம் சொன்னார்.

சனிக்கிழமை மாலை கமிட்டி கூடியது. உடைமாற்றும் அறையில் நீள மேசை. தலைப்பக்கம் பெரியவர், பக்கத்தில் மூத்த மகன், எதிரே போதகர், இன்னும் மூன்று பேர். செயலர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். கமிட்டியில் யார் எதைப் பேசினாலும் அவர் நோட்டில் எழுதுவார். எழுதியதை மாதக் கடைசி ஞாயிறன்று சபை முழுவதற்கும் வாசிப்பார். முப்பது வருஷம் பிள்ளைகளின் லீவு லெட்டரைப் படித்துப் பழகியவர். காரணம் சரியாக இல்லாத எதிலும் கையெழுத்துப் போட அவருக்குக் கை வராது. அவருக்குக் குடும்பத்தோடு பகையும் இல்லை, மணிக்காரரோடு உறவும் இல்லை.

மணிக்காரர் கதவோரம் நின்றார்.

மூத்த மகன் ஆரம்பித்தார். "இவருக்கு நீட்டிப்பு வேண்டாம். எழுதிக்குங்க சார்."

"காரணம்?"

"அதான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதே."

"மணியைத் தப்பா அடிச்சார்னு எழுதுங்க."

ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்தார். "எத்தனை மணிக்கு அடிச்சார்?"

 போதகர் மேசையில் ஒரு கறையைக் கண்டுபிடித்து நகத்தால் சுரண்டினார்.

"போதகர் ஐயா, உங்களைத்தான் கேக்கிறேன். கையில கடிகாரம் கட்டியிருக்கீங்களே."

"எட்டரை" என்று கறையிடம் சொன்னார் போதகர்.

"ஆராதனை எத்தனை மணிக்கு?"

"அதுவும்... எட்டரைதான்."

ஹெட்மாஸ்டர் எழுதினார், எழுதியதை வகுப்பில் படிப்பது போல் உரக்கப் படித்தார். "எட்டரை மணி ஆராதனைக்கு எட்டரை மணிக்கு மணி அடித்த குற்றத்துக்காக, மேற்படியாருக்குப் பணி நீட்டிப்பு மறுக்கப்படுகிறது. சரிதானே?"

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றப் பெரும்பாடு பட்டார்.

"அது இல்ல சார்" என்றார் மூத்த மகன். "எங்க கார் வந்தப்புறம்தான் அவர் அடிக்கணும்."

"கார் வந்துச்சுன்னுதானே அடிச்சிருக்கார்?"

"கார்ல நாங்க இல்லை சார்!"

"அப்ப இப்படி எழுதிக்கட்டுமா? 'மேற்படி காருக்குள் மேற்படி குடும்பத்தார் இருக்கிறார்களா என்று பார்க்காமல்...'"

"எழுதாதீங்க!" என்றார் மகன்.

"எழுதாம எப்படி? கடைசி ஞாயிறு படிக்கணுமே."

 பெரியவர் மணிக்காரரைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற?"

மணிக்காரர் இரண்டு வாரமாக மனசில் எழுதி எழுதி அழித்த பேச்சு ஒன்று இருந்தது. வாயில் வந்தது வேறு. கண்ணில் நீர் முட்டியது.

"தப்பு என்னுதுதாங்க ஐயா. கண்ணு ஏமாத்திட்டுது. ஆனா இருபத்தாறு வருஷத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. முதல் வாரம் தெரியாம அடிச்சேன். அதுக்கப்புறம் ஒருநாள், ஒரே ஒருநாள், எட்டரைக்கு அடிச்சிருப்பேனா? போதகர்மாருங்க எத்தனை பேர் சொன்னாங்க! நான் கேட்டிருப்பேனா? நீங்க படியில கால் வைக்காம இந்தச் சபையை ஒருநாளாவது ஆண்டவரைக் கும்பிட விட்டிருக்கேனா?"

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட உருக்கமாகப் பேச முடியாது என்றுதான் அவர் நம்பினார்.  ஹெட்மாஸ்டர் பேனாவோடு நிமிர்ந்தார்.

"பெரியவரே, இதையும் எழுதணுமா?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். இந்தத் தடவை அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு சொன்னார்: "நேரம் தவறாம இருக்கிறதுங்கிறது எங்க தாத்தா காலத்துல இருந்தே எங்க குடும்பத்து வழக்கம்."

அறையில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் வெவ்வேறு இடங்களைப் பார்த்தார்கள்.

"இடையில கொஞ்சம் தளர்ந்துபோச்சு. இந்த ஆள்தான் அதைத் திருப்பி நிலைநாட்டியிருக்கார். மூணு வருஷம் நீட்டிப்பு. நான் முன்மொழியறேன். எழுதிக்குங்க."

ஹெட்மாஸ்டருக்கு இந்தக் காரணத்திலும் திருப்தி இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் காரணம் என்று ஒன்று இருந்தது. எழுதினார். போதகர் வழிமொழிந்தார், வழிமொழிவதில் அவ்வளவு வேகத்தை அந்தக் கமிட்டி பார்த்ததில்லை.

மணிக்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"மூணு வருஷம்."

"யாரு பேசினா நமக்காக?"

"பெரியவர்தான்" என்றார் மணிக்காரர், மனப்பூர்வமாக. "நான் சொல்லலை? அவருக்கு நம்ம மேல எப்பவும் ஒரு இது உண்டு."

அந்த அம்மா எழுந்து விளக்கைப் போட்டார். கட்டி வைத்திருந்த இரண்டு மூட்டையில் ஒன்றை அவிழ்த்து, அதிலிருந்த பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தார். இன்னொன்றை அவிழ்க்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

மறுநாள் குடும்பம் எட்டு இருபதுக்கு வந்து இறங்கியது. ஏழு பேரும் ஒரே சமயத்தில் காரில் ஏற முண்டியடித்ததில் சின்ன மருமகளின் கைப்பை கதவில் மாட்டிக்கொண்டதாக டிரைவர் சொன்னான். அவர்கள் நடந்து வந்தபோது சபை உட்கார்ந்தே இருந்தது. பாட்டு இன்னும் தொடங்கவில்லை அல்லவா. பெரியவர் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி உட்காரச் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்திருந்தபடியால் அவர் சொன்னதை உடனே கேட்டதாக ஆயிற்று. எட்டரைக்கு மணி அடித்ததும் சபை எழுந்தது. குடும்பமும் எழ வேண்டியிருந்தது. யாருக்காக எழுகிறோம் என்று முன்வரிசையில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்ததைக் குழாய் ரிப்பேர்க்காரர் கவனித்திருக்கிறார். அவர் இப்போது இடப்பக்க மூன்றாம் வரிசையில். பிள்ளைகள் வலப்பக்கத்து மெத்தையைப் பார்த்துக்கொண்டேதான் பாடுகிறார்கள்.

வருஷ விழாவில் போதகர் பேசும்போது, இந்தச் சபையின் நேர ஒழுங்கு மரக்கடைத் தாத்தா போட்ட அஸ்திவாரம் என்றார். பெரியவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். மணிக்காரர்தான் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மணிக்காரருக்கு இப்போது அறுபத்திரண்டு முடிந்துவிட்டது. ஆலயத்துக்குப் பின்னால் அதே இரண்டு அறையில் அவரும் மனைவியும் இருக்கிறார்கள். மூன்றாம் மணியை எட்டரைக்கு அடிக்கிறார். நீட்டிப்பில் இன்னும் பதினோரு மாதம் மீதி இருக்கிறது.